திருடன் உள்ளே நிற்கும் அறை

'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். ஸ்பீக்கர் என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் விருட்டென்று திரும்பினான்.

"அண்ணி, கதவு சாத்திக்கிச்சு."

"பாத்தேன்."

"கீழ கட்டை வச்சுட்டுத்தானே உள்ள வந்தோம்?"

"ஆமா."

"கட்டையைக் காணோம்."

"அதையும் பாத்தேன் தம்பி. கொஞ்ச நேரம் கத்தாம இரு."

கத்தாமல் இருப்பது ஸ்பீக்கரால் ஆகாத காரியம். நாற்பது வயது வரை மைக் செட் வாடகைக்கு விட்டவன் அவன். கடை படுத்துவிட்ட பிறகு ஒலிபெருக்கிகளை எல்லாம் விற்றுவிட்டான். வாயை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாயோடு வந்து அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணி, அவனுடைய மூத்த அண்ணனின் மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, வருகிற திருட்டுப் புகார்களில் எது நிஜம், எது நாடகம் என்று இருபது வருஷம் பிரித்துப் பார்த்தவள்.

பூட்டிய அறை என்றால் ஸ்பீக்கருக்கு ஆகவே ஆகாது. ஏழு வயதில் அந்த மூத்த அண்ணன் அவனைத் துணி பீரோவுக்குள் வைத்துச் சாத்திவிட்டு, மறந்துபோய்ப் பந்து விளையாடப் போய்விட்டான். அப்படிப்பட்ட ஆளைப் போய்க் கட்டிக்கொண்டாளே என்று அண்ணி மேல் அவனுக்கு இன்றைக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

அவன் கைபேசியை எடுத்தான். ஒரு கோடுகூட இல்லை.

"சுவருக்குள்ள தகரம் அடிச்சிருக்காங்க. கம்பியில்லா அலாரத்தை இங்கதான் சோதிப்பாங்க. வெளி அலை உள்ள வரக்கூடாதாம்" என்றாள் அண்ணி.

"கதவைத் தட்டுறேன்."

"சுவர் முழுக்க பஞ்சு மெத்தை. சைரன் சத்தத்தை அளக்குற அறை. நீ தொண்டை கிழியக் கத்தினாலும் வராந்தாவுக்குப் போகாது."

"அவசர மணின்னு ஒண்ணு இருக்கே!"

சிவப்புப் பொத்தான் இருக்கத்தான் செய்தது. அதற்குக் கீழே ஒரு லேபிள்: 'பழுது. மாற்றப்படும்.' இந்தக் கட்டடத்தில் லேபிள் இல்லாத பொருளே கிடையாது. குப்பைக் கூடைக்கு லேபிள், குடைக்கு லேபிள், இயக்குநரின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குக்கூட லேபிள். கெட்டுப்போன மணிக்கும் ஒன்றை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள். ஸ்பீக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ஒரு தரச் சோதனைக்கூடம். கடையில் விற்கும் மின்னணுப் பூட்டு, அலாரம், கேமரா எல்லாவற்றையும் வாங்கி வந்து, தட்டி, சுட்டு, நனைத்து, உடைத்துப் பார்த்து, இதற்கு இத்தனை நட்சத்திரம் என்று சொல்லும் இடம். எந்தக் கம்பெனியையும் சாராதது என்பதுதான் அதன் பெருமை. இங்கே ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஒரு பூட்டை நம்பி ஒரு மருத்துவமனை அதை மருந்து அறையில் மாட்டியது. போன மாதம் எவனோ ஒரு காந்தத்தைப் பூட்டின் மேல் வைத்துக் கதவைத் திறந்து, உயிர் காக்கும் ஊசி மருந்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் இங்கே பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கும் பரிசோதகர். கம்பெனிக்கு விலை போய்விட்டார் என்று அவரைத் தற்காலிகமாக நீக்கிவிட்டார்கள். இன்று மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. குழு குற்றவாளி என்று சொல்லிவிட்டால் வேலை போகும். வாசலிலேயே போலீஸ் காத்திருக்கும்.

முந்தாநாள் அலுவலகத்துக்கு வந்த பரிசோதகர் அழவில்லை, புலம்பவில்லை. "நான் யாருக்கும் விலை போகலன்னு எனக்குத் தெரியும் மேடம். காந்தச் சோதனையை நான்தான் பண்ணேன். திறக்கல. ஆனா அன்னிக்கு என் கவனம் எங்கயாவது பிசகிடுச்சான்னு தெரியல. அதைத்தான் நான் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

இன்று காலையில் அதே பூட்டைக் கடையில் வாங்கி அவர் முன்னால் வைத்தார்கள். விலை போகாமல் கிடந்த ஓர் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஸ்பீக்கர் எடுத்து வைத்தான். ஒன்பது நொடி. பூட்டு வாயைத் திறந்தது. ஸ்பீக்கர் ஜெயித்தவன் போலச் சிரித்தான். பரிசோதகரின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிடி. சோதனைக்கூடத்தில் எந்தப் பொருளையும் மூன்றாக வாங்குவார்கள். யாரென்று சொல்லிக்கொள்ளாமல், மூன்று ஊரில், மூன்று கடையில். இரண்டு சோதனையில் நொறுங்கிப் போகும். மூன்றாவதுக்கு முத்திரை வைத்து, கொள்முதல் பார்க்கும் அம்மாவும் பரிசோதகரும் அதன் மேல் கையெழுத்துப் போட்டுப் பூட்டி வைப்பார்கள். அதற்குச் சாட்சிப் பூட்டு என்று பேர். குழு பார்ப்பதற்காக இன்று காலையில் முத்திரையை உடைத்து, அந்தச் சாட்சிப் பூட்டை இந்த அறைக் கதவில் மாட்டியிருந்தார்கள். திறக்கும் ரகசிய எண்ணை அந்த இருவரும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைக் காட்டத்தான் இயக்குநர் இவர்களைக் கூட்டி வந்தார். வெள்ளைத் தலை, சாந்தமான பேச்சு. விசாரணைக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

"இந்த அறையில திருடன் உள்ள நிப்பான், வீடு வெளிய இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். "பூட்டோட வெளி முகம் அறைக்குள்ள பாத்தபடி இருக்கு, பாத்தீங்களா? உள்ள நின்னு உடைச்சாதான் கேமரால பதிவாகும். அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருகினாலே திறந்துடும். நல்லா பாருங்க, ஆனா சோதனை எதுவும் வேண்டாம். தற்காலிக நீக்கத்துல இருக்கறவர் சோதனை நடத்தக் கூடாதுன்னு உத்தரவு. நான் போய் குழுவைக் கவனிக்கிறேன். அஞ்சு மணிக்கு சம்பந்தி வீட்டுல வேற காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் போய் ஐந்து நிமிஷத்தில் 'க்ளிக்'.

"மணி ரெண்டு இருபது" என்றாள் அண்ணி.

"விடுங்கண்ணி. நம்மகிட்ட சாவி இருக்கே" என்று ஸ்பீக்கர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தான். "ஒன்பது நொடி. எண்ணிக்குங்க."

பூட்டின் மேல் வைத்தான். பத்து எண்ணினான், இருபது எண்ணினான். மேலே நகர்த்தினான், கீழே நகர்த்தினான், திருப்பி வைத்தான். முப்பது, நாற்பது. பூட்டு அவனைச் சட்டை செய்யவில்லை.

"காந்தம் செத்துப்போச்சா?"

அண்ணி தன் கொண்டை ஊசியை நீட்டினாள். அது பாய்ந்து வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

ஸ்பீக்கர் காந்தத்தைப் பையில் போட்டான். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினான். பிளாஸ்டிக் அட்டையைச் சந்தில் விட்டு இழுத்தான். அட்டை இரண்டாக உடைந்தது. தோளால் மோதினான். கடைசியில் ஓங்கி ஓர் உதை விட்டான். அவ்வளவுதான், மூலையில் இருந்த சைரன் அலறத் தொடங்கிவிட்டது. பஞ்சுச் சுவர் அத்தனை சத்தத்தையும் குடித்துவிட்டது. ஆனால் நடுவில் நின்ற இரண்டு பேருக்கும் காது கிழிந்தது. ஒரு நிமிஷம் அலறிவிட்டு அதுவாகவே ஓய்ந்தது.

"உங்க ஆயுசுல நான் இவ்ளோ நேரம் பேசாம இருந்து பாத்திருக்கீங்களா?" என்றான் அவன், காதைத் தேய்த்துக்கொண்டே. அண்ணி அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு விட்டாள்.

அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான். கேமராவுக்குப் பக்கத்தில், சுவரின் உச்சியில், சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணி! குண்டு!"

"குண்டுன்னா எண் குறையும். இது கூடிக்கிட்டு இருக்கு."

"கூடிக்கிட்டே போய் வெடிக்கிற புது மாடலா இருந்தா?"

"உக்காரு தம்பி."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பஞ்சுச் சுவர் இரண்டடி நெருங்கி வந்துவிட்ட மாதிரி அவனுக்கு இருந்தது. பீரோவுக்குள் மடித்து வைத்த துணியின் வாசனை முப்பத்தைந்து வருஷம் கழித்து மூக்கில் ஏறியது. மூன்று மணிக்கு ஒரு மனுஷனின் வாழ்க்கை முடியப் போகிறது, அவரைக் காப்பாற்ற வந்தவர்கள் இங்கே பொறியில் எலியாகக் கிடக்கிறோம் என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்தது.

"எல்லாம் போச்சு அண்ணி."

"போகல. கிடைச்சிருக்கு" என்றாள் அண்ணி. "காலையில கடையில வாங்கின பூட்டு ஒன்பது நொடியில திறந்துச்சு. அதே பேரு, அதே மாடல். இது திறக்க மாட்டேங்குது. என்ன அர்த்தம்?"

"நம்ம நேரம் சரியில்லன்னு அர்த்தம்."

"இது கடையில விக்கிற பூட்டே இல்லன்னு அர்த்தம். மேல சட்டை ஒண்ணுதான், உள்ள ஆள் வேற. பரிசோதகர் கைக்கு வந்ததும் இந்த மாதிரி கெட்டிப் பூட்டுதான். அவர் காந்தம் வச்சப்பவும் இப்படித்தான் கல்லு மாதிரி இருந்திருக்கும். அவர் கவனம் பிசகல."

ஸ்பீக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரி. ஆனா அவரே கம்பெனியோட சேர்ந்து மாத்தியிருந்தா?"

"யோசிச்சுப் பாரு. நட்சத்திரத்தை விக்கணும்னு அவர் நினைச்சா அவருக்கு எதுக்கு நல்ல பூட்டு? ஓட்டைப் பூட்டை வச்சுக்கிட்டு அஞ்சு நட்சத்திரம்னு எழுத ஒரு பேனா போதும். ஒருத்தரை ஏமாத்தணும்னாதான் பொருளை மாத்தணும். இங்க ஏமாந்தவர் அவர்."

ஸ்பீக்கர் வாயைப் பிளந்தான். அவனை அடைத்து வைத்திருக்கிற இந்தக் கதவே அந்த மனுஷனுக்குச் சாட்சி. சனியன், அதைத் திறக்க முடிந்திருந்தால் அவர் தொலைந்திருப்பார்.

"அப்ப மாத்தினது யாரு? கம்பெனிக்காரனுக்கு எந்தக் கடையில வாங்குவாங்கன்னு தெரியாதே."

"இவங்க வாங்கின பூட்டு மூணும் வந்த காலி அட்டைப் பெட்டியை நான் வெளிய பாத்துக்கிட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா?"

"கால் மணி நேரம் பாத்தீங்க. விலை பேசப் போறீங்களோன்னு நினைச்சேன்."

"மூணு கடை. மூணு கலர்ல விலை ஸ்டிக்கர். மூணும் கடைகளோட நிஜ ஸ்டிக்கர்தான். ஆனா மூணும் ஒரே இடத்துல, இடது கீழ் மூலையில, கோடு போட்ட மாதிரி நேரா ஒட்டியிருக்கு. மாடல் நம்பர் மேல துளிகூடப் படல. காலையில நாம வாங்கின பெட்டியில ஸ்டிக்கர் எங்க இருந்துச்சு?"

"படத்துக்கு மேல, கோணலா. கடையில ஒரு நாளைக்கு இருநூறு ஒட்டுறவன் கை போன இடத்துல அப்பிட்டுப் போவான்."

"அதான். யாரோ கடை ஸ்டிக்கரை உரிச்சு, கம்பெனி குடுத்த பெட்டியில ஒட்டியிருக்காங்க. கடைக்காரன் மாதிரி அப்பியிருந்தா தெரிஞ்சிருக்காது. கோணலா ஒட்டத் தெரியல. இந்தக் கட்டடத்து ஆள்."

"இந்தக் கட்டடத்துல லேபிள் ஒட்டாதது நாம ரெண்டு பேரு மட்டும்தான் அண்ணி."

"இன்னொண்ணும் இருக்கு. அந்த ஸ்டிக்கர்ல எல்லாம் ஒரு மூலை கொஞ்சம் உள் பக்கமா மடிஞ்சிருக்கு." அவள் அண்ணாந்து பார்த்தாள். சிவப்பு எண்கள் இருபத்து நான்கு நிமிஷம் என்றன. சட்டென்று அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "தம்பி, நாம உள்ள வந்தப்ப அந்த எண் ஓடிச்சா?"

"இல்ல. சைபரா நின்னுச்சு. கதவு சாத்தினப்புறம்தான்."

"கெட்ட எண்ணத்துல நம்மள அடைச்சவன், நாம எத்தனை நிமிஷம் உள்ள இருக்கோம்னு எதுக்கு அளக்கணும்?"

அவள் எழுந்து, சத்தத்தையும் சேர்த்துப் பதியும் அந்தக் கேமராவுக்கு நேராக நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"பரிசோதகர் சார், புரிஞ்சுபோச்சு. கதவைத் திறங்க."

ஸ்பீக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவும் திறக்கவில்லை.

"சார், மணி ரெண்டே முக்கால். மூணு மணிக்கு உங்க விசாரணை!"

கதவு அசையவில்லை. ஸ்பீக்கர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டான்; அப்புறம் திட்டினான்; அப்புறம் பீரோ கதையைச் சொன்னான். எண்கள் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று ஆற அமர நடந்தன. மிச்சம் இருந்த நேரத்தில் அவன் தன் அண்ணனை ஏழு தடவை சபித்தான். சரியாக முப்பது ஆனதும் எண்கள் நின்றன. கதவு திறந்தது.

வாசலில் பரிசோதகர் நின்றார். ஒரு கையில் மரக்கட்டை, இன்னொரு கையில் படிவம். பின்னால் கொள்முதல் அம்மா நின்றிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

"யோவ்! அவங்க கேட்டப்பவே திறந்தா என்ன?" என்றான் ஸ்பீக்கர்.

"உடைப்புச் சோதனை முப்பது நிமிஷம் சார். ஒரு நொடி முன்னாடி திறந்தாலும் செல்லாது."

"எனக்கு உயிரே போச்சுய்யா!"

"அதை எழுத ஒரு கட்டம் இருக்கு" என்று அவர் உண்மையாகவே படிவத்தைக் காட்டினார். "மன்னிச்சுடுங்க. பூட்டைப் பத்தி முன்கூட்டியே எதுவும் சொல்லித்தராத ஆள், தானா முயற்சி பண்ணணும்னு விதி. சொல்லியிருந்தா நான் சொல்லிக்குடுத்து நடிச்சீங்கன்னு சொல்லியிருப்பாங்க. நான் சோதனை நடத்தல. கட்டையை மட்டும்தான் எடுத்தேன். கடிகாரம்... அது கைப்பழக்கம், என்னை அறியாம அமுக்கிட்டேன்."

"திறந்திருந்தா?" என்று கேட்டாள் அண்ணி.

"திறந்திருந்தா நான் முட்டாள்னு ஆயிருக்கும். குழு முன்னாடி போய் ஒத்துக்கிட்டிருப்பேன்." அவர் படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "முப்பது நிமிஷமும் நான் மூச்சு விடல மேடம்."

மூன்று மணிக்குக் குழு கூடியது. வெளியிலிருந்து வந்த இரண்டு உறுப்பினர்கள், நடுவில் இயக்குநர். திரையில் ஸ்பீக்கர் காந்தம் வைத்து, தோளால் மோதி, உதைத்து, சைரனுக்குத் துள்ளி விழுந்தான். உறுப்பினர்கள் சிரித்தார்கள். அண்ணி பேனா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஒத்துக்கறேன்" என்றார் இயக்குநர், கொஞ்சமும் பதறாமல். "பூட்டு மாறியிருக்கு. அப்படின்னா தப்பு வாங்கின இடத்துல. கொள்முதலைத்தான் விசாரிக்கணும்."

கொள்முதல் அம்மா மேஜைக்கு முன்னால் வந்தாள். "நான் மூணு ஊருக்கும் பஸ்ல போய் வாங்கினேன் சார். வந்ததும் உங்க ரூம்லதானே வச்சேன், ராத்திரி ஸ்டோர் பூட்டியிருந்துச்சுன்னு..."

"அதைப் பிறகு பேசலாம்" என்று அண்ணி குறுக்கே வந்தாள். காலையில் கடையில் வாங்கிய பெட்டியை மேஜையில் வைத்தாள். "முதல்ல இதை ஆதாரமா சேத்துக்குங்க. ஒரு லேபிள் ஒட்டிக் குடுங்கம்மா."

கொள்முதல் அம்மா அவசர அவசரமாக ஒரு லேபிளை எடுத்து அப்பினாள். அது கோணலாக, மாடல் நம்பரின் பாதியை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அண்ணி பெட்டியை இயக்குநரின் கைக்கருகே நகர்த்தினாள்.

"அடுத்து என்ன முறைன்னு நீங்கதான் சொல்லணும் சார்."

"முறைன்னா" என்று இயக்குநர் ஆரம்பித்தார், உறுப்பினர்களைப் பார்த்தபடி. "கொள்முதல் ரசீது மூணையும் வரவழைக்கணும். கடைக்காரங்ககிட்ட எழுத்துல விளக்கம் கேக்கணும். அதுக்கப்புறம்..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் பெட்டியைத் தேடிப் போயின. நகம் லேபிளின் ஓரத்தைக் கிளப்பியது, கிழியாமல் உரித்தது. ஒரு மூலையை மெல்ல உள் பக்கம் மடித்தது. இடது கீழ் மூலையில், பெட்டியின் விளிம்புக்கு இணையாக வைத்து, கட்டைவிரலால் நீவிவிட்டது.

அண்ணி மூன்று பழைய பெட்டிகளையும் எடுத்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். நான்கு ஸ்டிக்கர். நான்கும் ஒரே மூலையில். நான்கிலும் ஒரு மடிப்பு.

இயக்குநர் தன் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல.

"அந்தக் கம்பெனி முதலாளிதான் என் சம்பந்தி ஆகப் போறவர்" என்றார் கடைசியில். "என் பொண்ணு வாழப் போற வீடு. ஒரே ஒரு தடவை கேட்டார். என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

பரிசோதகர் எழுந்து நின்றார். கோபப்படுவார் என்று ஸ்பீக்கர் எதிர்பார்த்தான். கோபம் வரவில்லை.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். பதினெட்டு வருஷமா பக்கத்து ரூம்லதானே இருக்கேன். எதுக்கு பெட்டியை மாத்தினீங்க?"

இயக்குநர் அவரை நிமிர்ந்து பார்க்க முயன்றார். முடியவில்லை.

"உன்கிட்ட கேட்டா நீ எழுத மாட்டன்னு தெரியும்ப்பா. அந்த ஓட்டையை நீ கண்டுபிடிக்காம விடவும் மாட்ட. அதனாலதான் மாத்தினேன்."

பரிசோதகர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தாநாள் அழாத அழுகையை அழுதார். ஸ்பீக்கர் எழுந்து போய், தாங்கள் அடைபட்டுக் கிடந்த சோதனை அறையின் கதவை அகலத் திறந்து, கீழே மரக்கட்டையை வைத்துவிட்டு வந்தான்.